காருக்கு அடியில் ஒரு கடம்

அதிகாலை 5 மணி. தோ பாயோவில் எங்கள் புளோக்கை ஒட்டிய பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் அப்பா காரைக் கிளப்பினால், ஏழாவது மாடியில் படுத்திருக்கும் எனக்குத் தூக்கம் கலைந்துவிடும். கான்கிரீட் சுவர்களில் மோதி வரும் அந்தக் குமுறல், லாரி ஒன்று உள்ளே புகுந்துவிட்டதோ என்று நினைக்க வைக்கும்.

தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் அப்பாவுக்கு வேலை. காய்கறி வந்து இறங்கும் நேரத்திற்கு அவர் அங்கே இருக்க வேண்டும். அதனால் பொழுது விடியும்வரை காத்திருக்க வழியில்லை.

எதிர்வீட்டு மக்சிக்கின் மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. மின்தூக்கியில் அப்பாவைப் பார்த்த மக்சிக், “கார் சரியில்லையா?” என்று மட்டும் கேட்டார். குறையாகச் சொல்லவில்லை. ஆனால், அன்றிலிருந்து அப்பா காரை நிறுத்துமிடத்தின் மறுகோடியில், எங்கள் புளோக்கிலிருந்து எட்ட நிறுத்தத் தொடங்கினார்.

பிரச்சினை ‘ரெசனேட்டர்’ என்ற பாகத்தில் இருந்தது. அதை மாற்ற எங்களுக்கு மூன்று வாரமானது. அதில் இரண்டு வாரம் என்னால்தான் வீணானது.

வெட்டி எடுத்தால் போதுமா?

முதலில் சென்ற பணிமனையில் காரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ரெசனேட்டர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. அதை வெட்டிவிட்டு நேராக ஒரு குழாயைப் பற்றவைத்தால் போதும். செலவும் குறைவு” என்றார்கள்.

எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. சத்தம் கூடினால் கார் பந்தயக் கார் போல இருக்கும், வேகமும் கூடும் என்று நினைத்தேன். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “காலை அஞ்சு மணிக்கு ஸ்டார்ட் பண்ணினா எப்படி இருக்கும்?” பதில் வராததால் வீடு திரும்பினோம்.

யோசித்துப் பார்த்தால் அந்த வழி மூன்று விதத்தில் தவறு. முதலாவது, சிங்கப்பூரில் காரின் புகைபோக்கி அமைப்பை விருப்பம்போல் மாற்ற முடியாது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளுக்கும், ஒலி, புகை வரம்புகளுக்கும் அது உட்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, 10 ஆண்டைத் தாண்டிய கார்கள் ஒவ்வோர் ஆண்டும் கட்டாயப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். அதில் தேறாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. எங்கள் காருக்கு வயது 13.

மூன்றாவது, ரெசனேட்டரை எடுப்பதால் காரின் பலம் உணரும் அளவுக்குக் கூடுவதில்லை. புகைக்கு அதிகத் தடையாக இருப்பவை, நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கடைசியில் உள்ள சைலன்சரும்தான். ரெசனேட்டர் இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது. அதை எடுத்தால் கூடுவது சத்தம் மட்டுமே.

பெரிதாக வாங்கிய தவறு

சரி, புதிதாக ஒன்றை வாங்கிவிடலாம் என்று நானே இணையத்தில் தேடினேன். பழைய ரெசனேட்டரின் உருளையை மட்டும் அளந்துவிட்டு, அதைவிடச் சற்றுப் பெரிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பெரிதாக இருந்தால் சத்தத்தை அதிகமாகக் குறைக்கும் என்பது என் கணக்கு.

பொருள் வந்த பிறகுதான் குழாயின் விட்டத்தைப் பார்த்தேன். எங்கள் காரின் குழாய் 51 மில்லிமீட்டர். நான் வாங்கியது 63 மில்லிமீட்டர் குழாய்க்கானது. அதோடு எங்கள் காரில் குழாய் ஒரு பக்கம் நடுவிலும் மறுபக்கம் ஓரமாகவும் சேர்கிறது. வாங்கியதில் இரண்டு பக்கமும் நடுவில்தான். திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பகுதிநேர வேலையில் சேர்த்த பணம் போய்விட்டது.

பானையைத் தட்டிய பெரியவர்

பிறகு அப்பாவின் நண்பர் சொல்லி, காக்கி புக்கிட்டில் ஒரு பணிமனைக்குச் சென்றோம். அங்கே பல ஆண்டுகளாகப் புகைபோக்கி வேலை மட்டுமே செய்யும் பெரியவர் ஒருவர் இருந்தார். நான் வாங்கி வந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “தம்பி, பொங்கலுக்குப் பானை வாங்கும்போது உங்க அம்மா என்ன செய்வாங்க?” என்று கேட்டார்.

ஒவ்வோர் ஆண்டும் கேம்பல் லேனில் பொங்கல் கடைகள் போடும்போது அம்மாவுடன் செல்வேன். பானையை விரலால் சுண்டிப் பார்த்துத்தான் அம்மா வாங்குவார். ‘கணீர்’ என்றால் நல்ல பானை. ‘சொத்’ என்றால் விரிசல். அதைச் சொன்னேன்.

“அதேதான். உங்க காருக்கு அடியில இருக்கிறது ஒரு பானை. அதுல ஓட்டை விழுந்துட்டா சுருதி போயிடும்” என்றார். பிறகு குடித்து முடித்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து அதன் வாயின் குறுக்கே ஊதினார். ‘ஊ…’ என்று தாழ்ந்த ஒலி வந்தது. பாதிவரை தண்ணீர் ஊற்றி ஊதினார். ஒலி உயர்ந்தது.

உயர்நிலைப் பள்ளி இயற்பியலில் ஒத்ததிர்வு பற்றிப் படித்திருக்கிறேன். அது காருக்கு அடியில் தொங்கிக்கொண்டிருப்பது அன்றுதான் தெரிந்தது. போத்தலின் கழுத்தில் உள்ள காற்று ஓர் எடைபோலவும், உள்ளே அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்போலவும் செயல்படுகின்றன. எடையும் வில்லும் சேர்ந்தால் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் ஆடும். கழுத்து மாறாமல் உட்புறக் கொள்ளளவு 4 மடங்கானால் அதிர்வெண் பாதியாகும்.

ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் (1821-1894) இத்தகைய கலங்களைக் கொண்டு இசையொலியில் கலந்திருக்கும் தனித்தனி அதிர்வெண்களைப் பிரித்துக் கேட்டார். அதனால் இவற்றுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நம் கச்சேரி மேடையில் உள்ள கடமும் இதே குடும்பம்தான். வித்துவான் கடத்தின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் வாசிக்கும்போது, திறப்பின் அளவு மாறித் தொனியும் மாறுகிறது.

ஒலி எழுப்பும் பானை ஒலியை அடக்குமா?

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஊதினால் சத்தம் போடும் போத்தல், காரில் எப்படிச் சத்தத்தைக் குறைக்கும்?

விடை அலைகளின் குறுக்கீட்டில் இருக்கிறது. குழாயில் வரும் ஒலியின் அதிர்வெண்ணும் கலத்தின் அதிர்வெண்ணும் ஒன்றாக இருந்தால், கழுத்தில் உள்ள காற்று பலமாக ஆடத் தொடங்குகிறது. ஆனால் அது எதிர்த்திசையில் ஆடுகிறது. இயந்திரத்திலிருந்து வரும் அலை மேடாக இருக்கும்போது கலம் அனுப்பும் அலை பள்ளமாக இருக்கிறது. மேடும் பள்ளமும் சேர்ந்தால், அதற்கு அப்பால் செல்லும் ஒலி வெகுவாகக் குறைகிறது. நாம் எம்ஆர்டியில் அணிந்து செல்லும் இரைச்சல் நீக்கும் காதணிக் கருவிகளும் இதே தத்துவத்தில்தான் செயல்படுகின்றன. அவற்றில் எதிரலையை மின்னணுச் சில்லு உருவாக்குகிறது. ரெசனேட்டரில் வெறும் தகரமும் காற்றும் அந்த வேலையைச் செய்கின்றன.

எந்த அதிர்வெண்ணை அடக்க வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். நான்கு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு இயந்திரத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் எரிகிறது. தீவு விரைவுச்சாலையில் செல்லும்போது எங்கள் காரில் குமுறல் உச்சத்தில் இருந்தது நிமிடத்திற்கு 2,100 சுற்றுகளில். அதாவது வினாடிக்கு 35 சுற்றுகள், 70 வெடிப்புகள். எனவே 70 ஹெர்ட்ஸ். அப்பா ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்து கைப்பேசிச் செயலியில் ஒலியை அளந்தபோது 70க்கு அருகில்தான் கூர்முனை தெரிந்தது.

இங்கே வெப்பமும் கணக்கில் வருகிறது. 20 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். 300 டிகிரியில் அது சுமார் 480 மீட்டர். ஒலியின் வேகம் மாறினால் கலத்தின் சுருதியும் மாறும். சூடான புகைக்கு ஏற்பத்தான் தயாரிப்பாளர்கள் அளவை முடிவு செய்கிறார்கள். அதனால்தான் வேறொரு காருக்கு நன்றாக இருந்தது நம் காருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

தேர்ந்தெடுப்பது எப்படி?

பெரியவர் வெர்னியர் காலிப்பரை என் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார். குழாயின் உள்விட்டம், வெளிவிட்டம், உருளையின் நீளம், குழாய்கள் சேரும் இடம், தொங்கவிடும் ரப்பர்களின் இடம் ஆகியவற்றை எழுதிக்கொண்டோம்.

அடுத்தது வகை. துளையிட்ட குழாயைச் சுற்றி நார் அடைத்த ரெசனேட்டர், கரகரப்பான உயர் அதிர்வெண் ஒலியை நன்றாக உறிஞ்சும். தாழ்ந்த குமுறலை அடக்க, கழுத்தும் அறையும் உள்ள கலமே ஏற்றது. எந்தச் சத்தம் தொந்தரவு தருகிறது என்று தெரியாமல் வாங்கினால் பணம் வீண்.

மூன்றாவது உலோகம். அலுமினியப் பூச்சுள்ள எஃகு விலை குறைவு. 304 வகைத் துருப்பிடிக்காத எஃகில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருப்பதால் அது நெடுநாள் உழைக்கும். ஆனால் விலை அதிகம். 304 என்று விற்கப்படுவதில் காந்தம் பலமாக ஒட்டினால் சந்தேகிக்க வேண்டும் என்பது பெரியவர் சொன்ன எளிய சோதனை.

நான் 304 வேண்டும் என்றேன். அப்பா வேறு கணக்குப் போட்டார். 10 ஆண்டு முடிந்ததும் வாகன உரிமைச் சான்றிதழை அவர் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்திருந்தார். ஐந்தாண்டுப் புதுப்பிப்பை மீண்டும் நீட்டிக்க முடியாது. காருக்கு மீதமிருப்பது இரண்டே ஆண்டு. அதைவிட நீண்ட நாள் உழைக்கும் பாகத்திற்குக் கூடுதல் பணம் எதற்கு? அலுமினியப் பூச்சுள்ள, எங்கள் காருக்கென்றே அளவெடுத்த பாகத்தை வாங்கினோம்.

ஒரு லிட்டர் பெட்ரோல், ஒரு லிட்டர் தண்ணீர்

கழற்றிய ரெசனேட்டரைப் பெரியவர் வெட்டிக் காட்டினார். வெளியே இருந்ததைவிட உள்ளேதான் துரு அதிகம். காரணம் எங்கள் பயணம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. நீண்ட தூரம் ஓடினால் குழாய் சூடேறி அது ஆவியாகவே வெளியேறிவிடும். தோ பாயோவிலிருந்து தேக்கா வரையிலான குறுகிய பயணத்தில் குழாய் முழுமையாகச் சூடாவதில்லை. ஆவி குளிர்ந்து அமிலம் கலந்த நீராக உள்ளேயே தங்கிவிடுகிறது.

அந்த நீர் வடிவதற்காகச் சில ரெசனேட்டர்களின் அடியில் தயாரிப்பாளரே சிறு துளை விடுவதுண்டு. அதை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடக் கூடாது.

மாற்றும் வேலைக்கு ஒரு மணி நேரம் ஆனது. குழாய் ஆறும்வரை காத்திருந்து, இறுகிய திருகுகளில் எண்ணெய் தெளித்துக் கழற்றினார்கள். பழைய கேஸ்கெட்டுகளையும் ரப்பர்களையும் மாற்றினார்கள். எல்லாவற்றையும் தளர்வாகப் பொருத்தி, நேராக இருப்பதைப் பார்த்த பிறகே முன்னாலிருந்து பின்னால் வரிசையாக முடுக்கினார்கள். இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்து, குமிழ் வருகிறதா என்றும் பார்த்தார்கள். கசிவு என்பது சத்தம் மட்டுமல்ல. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை. அது காருக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுத்து இதை வீட்டில் முயன்று பார்க்காதீர்கள்.

மின்சாரக் காரில் இந்தப் பாகமே இல்லை. 2030 முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் கார்கள் அனைத்தும் தூய்மையான எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும். பெரியவரின் தொழில் மெல்ல மெல்லச் சுருங்கும். ஆனால் ஒத்ததிர்வும் குறுக்கீடும் எங்கும் போகப்போவதில்லை. அடுத்த முறை அந்தப் பாடத்தைப் படிக்கும்போது, காலிப் போத்தல் ஒன்றை எடுத்து ஊதிப் பாருங்கள்.

பரிசோதனையில் கார் தேறிவிட்டது. அப்பா மீண்டும் எங்கள் புளோக்கின் அருகிலேயே காரை நிறுத்துகிறார். சென்ற வாரம் மக்சிக் அவரிடம், “புதுக் கார் வாங்கிவிட்டீர்களா?” என்று கேட்டாராம். நான் தவறாக வாங்கிய 63 மில்லிமீட்டர் ரெசனேட்டர் இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது.