படம் வரவில்லையா? பழுது எங்கே?

டி.வி. பெட்டி எரிகிறது. ரிமோட் வேலை செய்கிறது. ஆனால் படம் வரவில்லை! "வை-பை இணைப்பு இல்லை" என்ற எழுத்து மட்டும் திரையில் நிற்கிறது.

வீட்டில் எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்து இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு யோசனை!

"ஸ்டிக் கெட்டுப் போய்விட்டது. புதிது வாங்க வேண்டியதுதான்" என்கிறார் அப்பா. "எல்லாவற்றையும் அழித்து விட்டு முதலில் இருந்து போடலாம்" என்கிறான் மகன். "கம்பெனி நம்பரைத் தேடிப் போன் போடுங்கள்" என்கிறார் அம்மா.

மூன்றிலும் நஷ்டம் வரலாம். முதலில் பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் காசு செலவு இல்லை. கால் மணி நேரம் போதும்.

மூன்று இடங்கள்

டி.வி.யின் பின்னால் செருகும் சின்னக் கருவிதான் "ஸ்டிக்". இண்டர்நெட்டில் வரும் படத்தை வாங்கி டி.வி.க்குக் கொடுப்பது அதன் வேலை.

இண்டர்நெட், வெளியில் இருந்து கம்பி வழியாக வீட்டுக்குள் வருகிறது. "ரூட்டர்" என்ற பெட்டி அதை வாங்கி, ரேடியோ அலையாக மாற்றி வீடு முழுவதும் பரப்புகிறது. அந்த அலைதான் வை-பை. ரூட்டர், வீட்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியோ நிலையம்!

ஆகவே, பழுது மூன்று இடங்களில் இருக்கலாம். ஒன்று, வெளியில் இருந்து வரும் லைன். இரண்டு, ரூட்டரும் அது பரப்பும் அலையும். மூன்று, ஸ்டிக்.

செல்போன் சோதனை

எந்த இடம் என்பதைச் செல்போனே சொல்லி விடும்.

செல்போனில் "மொபைல் டேட்டா"வை நிறுத்த வேண்டும். இது முக்கியம். நிறுத்தாவிட்டால் போன் தன் சொந்த டேட்டாவில் படம் காட்டி ஏமாற்றி விடும்! பிறகு வீட்டு வை-பையில் போனைச் சேர்த்து, ஒரு படத்தை ஓட விட வேண்டும்.

போனிலும் படம் வரவில்லையா? ஸ்டிக் மீது குற்றம் இல்லை. பழுது லைனில் அல்லது ரூட்டரில். பைபர் லைன் உள்ள வீடுகளில், பெட்டியில் "லாஸ்" என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியில் இருந்து வரும் ஒளி நின்று விட்டது என்று அர்த்தம். லைன்காரருக்குச் சொல்ல வேண்டியதுதான்.

போனில் படம் வருகிறதா? அப்படியானால் ரூட்டருக்கும் ஸ்டிக்குக்கும் நடுவில்தான் தகராறு.

அணைத்துப் போடுங்கள்

ரூட்டரின் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட வேண்டும். விளக்குகள் நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகே ஸ்டிக்கின் பிளக்கைப் பிடுங்கிச் செருக வேண்டும். ரிமோட்டில் அணைத்தால் போதாது. ஸ்டிக் தூங்குமே தவிர, முழுதாக அணையாது.

அடுத்தது பாஸ்வேர்டு. வீட்டில் யாராவது அதை மாற்றி இருந்தால், ஸ்டிக்குக்கு அது தெரியாது. பழையதையே சொல்லிக் கொண்டு வாசலில் நிற்கும்! புதியதைப் போட வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. பூஜ்யம் வேறு, "ஓ" எழுத்து வேறு.

சுவரும் பீரோவும்

வை-பை அலையில் பொதுவாக இரண்டு வகை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மெதுவானது. ஆனால் சுவரைத் தாண்டித் தூரம் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவரில் சீக்கிரம் தளர்ந்து விடும். ரூட்டர் அடுத்த அறையில் இருந்தால் 2.4-ல் சேர்த்துப் பார்க்கலாம். சில பழைய கருவிகளுக்கு 5 கண்ணிலேயே படாது. 2013-ல் வந்த முதல் குரோம்காஸ்ட் அப்படிப்பட்டது.

இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரூட்டரை வைக்கக் கூடாது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.4-க்குப் பக்கத்திலேயே வேலை செய்வதால், அருகில் இருந்தால் இடைஞ்சல்.

டி.வி.யின் முதுகில் ஒட்டிக் கொண்டிருக்கும் ஸ்டிக்குக்கும் அலை சரியாக எட்டாது. அதற்காகவே குட்டி நீட்டிப்பு ஒயர் உண்டு. அதை மாட்டினால் ஸ்டிக் சற்று வெளியே தொங்கும்.

கரண்டும் முக்கியம். டி.வி.யில் உள்ள சாதாரண யூ.எஸ்.பி. துளை அரை ஆம்பியர்தான் தரும். பல ஸ்டிக்குகளுக்கு 1 ஆம்பியர் வேண்டும். கூடவே வந்த அடாப்டரைச் சுவரில் மாட்டுவதே நல்லது.

கடைசிச் சோதனை

இன்னும் சரியாகவில்லையா? ஒரு போனில் "ஹாட்ஸ்பாட்" போட்டு, ஸ்டிக்கை அதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேர்ந்து விட்டால் ஸ்டிக் நல்லது. ரூட்டரைத்தான் பார்க்க வேண்டும். சேராவிட்டால் ஸ்டிக் மீது சந்தேகப்படலாம்.

அப்போதும் அவசரம் கூடாது. 2025 மார்ச் 9-ந் தேதி என்ன நடந்தது? 2015-ல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் உலகம் முழுவதும் திடீரென்று நின்று விட்டன! வை-பை நன்றாக இருந்தது. கருவியும் நன்றாக இருந்தது. உள்ளே இருந்த டிஜிட்டல் சான்றிதழின் 10 ஆண்டுக் கெடு முடிந்து விட்டது. அவ்வளவுதான்!

"யாரும் அழித்து ரீசெட் செய்ய வேண்டாம்" என்று கூகுள் அறிவித்தது. சில நாட்களில் தானாகவே சரி செய்யவும் தொடங்கியது. பொறுத்தவர்கள் தப்பினார்கள். அவசரப்பட்டு அழித்தவர்கள் கருவியை மறுபடியும் சேர்க்க முடியாமல், அதற்கென்று தனியாக வழி வரும் வரை காத்திருந்தார்கள்.

போனில் வரும் திருடன்

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இண்டர்நெட்டில் தேடிக் கிடைக்கும் "உதவி நம்பர்" எல்லாம் கம்பெனி நம்பர் அல்ல. மோசடிக்காரர்களும் அங்கே நம்பர் போட்டு வைத்து இருக்கிறார்கள்.

"ஸ்டிக்கை இயக்கக் கட்டணம் கட்டுங்கள்" என்பார்கள். பொய்! வை-பையில் சேர்ப்பதற்குக் கட்டணமே கிடையாது. "இந்த ஆப்பைப் போடுங்கள், போனில் வந்த ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்" என்பார்கள். சொன்னால் பாங்கிப் பணம் போய்விடும்.

கருவி வந்த அட்டைப் பெட்டியிலும் கையேட்டிலும் அச்சிட்டுள்ள விலாசத்தை மட்டுமே நம்ப வேண்டும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

படம் ஒரு நாள் தாமதமாக வந்தால் பரவாயில்லை. பணம் போனால் திரும்புவது கஷ்டம்!