கண்ணுக்கு அடியில் அழகு ஊசி! வீங்கிப் போனால் என்ன செய்வது?

கோவில்பட்டி,

"என்ன மதினி, ராத்திரி எல்லாம் தூங்கலையா? கண்ணு ரெண்டும் உள்ள போய்க் கிடக்கு!"

தீப்பெட்டி ஆபீசிலும், பஸ்சிலும், கல்யாண வீட்டிலும் இந்தக் கேள்வியைக் கேட்காத பெண் கரிசல் சீமையில் உண்டா?

கண்ணுக்கு அடியில் கருப்பு. அதற்குக் கீழே ஒரு பள்ளம். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். முன்பு வெள்ளரிக்காய் வெட்டி வைத்தார்கள். பிறகு கிரீம் பூசினார்கள். இப்போது ஊசி வந்து விட்டது!

"பில்லர்" என்பது அதன் பெயர். கண்ணடிப் பள்ளத்தில் ஜெல் மருந்தை ஊசியால் ஏற்றி மேடாக்கி விடுவார்கள். அரை மணி நேர வேலை. பல ஆயிரம் ரூபாய் செலவு. செல்போனைத் திறந்தால் இதற்கு விளம்பரம் கொட்டிக் கிடக்கிறது.

எல்லாம் சரியாக நடந்தால் சரி. நடக்காவிட்டால்?

நடிகை கண் வீங்கியது!

2021-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். நடிகை ரைசா வில்சன் தன் முகப் படம் ஒன்றை இன்ஸ்டாகிராமில் வெளியிட்டார். "பிக் பாஸ்" நிகழ்ச்சியிலும் "பியார் பிரேமா காதல்" படத்திலும் வந்தவர் இவர். படத்தைப் பார்த்த ரசிகர்கள் பதறிப் போனார்கள். ஒரு கண்ணுக்கு அடியில் ரத்தம் கட்டி, பெரிதாக வீங்கி இருந்தது!

சாதாரண பேஷியல் செய்யப் போன தன்னை, தேவை இல்லாத சிகிச்சைக்கு டாக்டர் கட்டாயப்படுத்தினார் என்று அவர் புகார் கூறினார்.

சென்னை டாக்டர் இதை மறுத்தார். இது பில்லர் ஊசிக்குப் பின் சிலருக்கு வரக்கூடிய வீக்கம்தான், சில நாளில் வடிந்து விடும், நடிகை முன்பும் இதே சிகிச்சை எடுத்தவர் என்றார்.

விவகாரம் வக்கீல் நோட்டீசு வரை போயிற்று. நடிகை 1 கோடி ரூபாய் நஷ்ட ஈடு கேட்டார். டாக்டர் 5 கோடி ரூபாய் கேட்டு மானநஷ்ட வழக்கு போடப் போவதாக அறிவித்தார்.

யார் பக்கம் நியாயம் என்ற பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். ஆனால் சினிமா நடிகைக்கே இந்தப் பாடு என்றால், எட்டயபுரத்தில் இருந்தும் கழுகுமலையில் இருந்தும் பஸ் ஏறிப் போய் ஊசி போட்டுக்கொண்டு வரும் பெண் என்ன செய்வாள்?

மாட்டுக் கண்ணில் கிடைத்தது

கண்ணடிக்குப் பெரும்பாலும் போடுவது "ஹையலூரானிக் ஆசிட்" என்ற ஜெல். ஆசிட் என்றதும் பயப்பட வேண்டாம். இது நம் தோலிலும், மூட்டிலும், கண்ணுக்கு உள்ளேயும் இயற்கையாக இருக்கும் வழுவழுப்பான பொருள். 1934-ம் ஆண்டு அமெரிக்காவில் மேயர், பாமர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மாட்டுக் கண்ணில் இருந்து இதை முதன் முதலில் பிரித்து எடுத்தார்கள்.

தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்வது இதன் குணம். அதனால்தான் பள்ளம் மேடாகிறது. வீக்கம் வருவதற்கும் அதுவே ஒரு காரணம்.

கண்ணடித் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. கொஞ்சம் பிசகினாலும் வெளியே தெரிந்து விடும். அமெரிக்க அரசு கூட முகச் சுருக்கத்துக்கு இந்த ஜெல்லை 2003-ம் ஆண்டே அனுமதித்தது. கண்ணடிப் பள்ளத்துக்கு என்று அனுமதி கொடுத்தது 2022-ல் தான்!

எந்த வீக்கம் எப்படி?

ஊசிக்குப் பின் வரும் கோளாறுகள் எல்லாம் ஒன்று அல்ல. விவரம் வருமாறு:-

ரத்தக்கட்டு: ஊசி குத்திய இடம் கன்றி, வீங்கும். இதுதான் அதிகம். சில நாளில் இருந்து இரண்டு வாரத்துக்குள் வடிந்து விடும். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை மெதுவாக ஒற்றலாம். தலையை உயர்த்தி வைத்துப் படுக்கலாம். அமுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது.

நீல நிறம்: வீக்கம் வடிந்தும் கண்ணடியில் நீலம் போகவில்லையா? ஜெல் தோலுக்கு மிக அருகில் நின்று விட்டது என்று அர்த்தம். வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி நீலமாகத் தெரியும். கிரீம் போட்டால் போகாது.

பை போல் தொங்குவது: காலையில் எழுந்தால் கண்ணடி உப்பி இருக்கும். ஊசி போட்டுப் பல மாதம் கழித்தும் வரும். முன்பே கண்ணடியில் பை விழுந்தவர்களுக்கு இந்த ஊசி ஒத்து வராது.

கட்டி: உருண்டை உருண்டையாகக் கையில் தட்டுப்படும். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் கழித்து, ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு கூட எழும்பலாம். சிவந்து, சுட்டு, வலித்து, காய்ச்சலும் வந்தால் சீழ் வைக்கிறது. அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

மஞ்சள் பத்து, எண்ணெய் ஒத்தடம், மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை - எதுவும் கூடாது. ஊசியால் குத்தி எடுக்கிறேன் என்று யாராவது வந்தால் கிட்டே விடாதீர்கள்!

பார்வை பறிபோகும் ஆபத்து

இனி சொல்லப் போவது அபூர்வமாக நடப்பது. ஆனால் நடந்தால் வாழ்க்கையே போய் விடும்.

கண்ணைச் சுற்றி ஓடும் ரத்தக் குழாய்கள் கண்ணுக்கு உள்ளே போகும் குழாயோடு சேர்ந்தவை. ஊசி முனை தவறிக் குழாய்க்குள் இறங்கினால், ஜெல் பின்னோக்கிப் பாய்ந்து கண்ணுக்குப் போகும் ரத்தத்தை அடைத்து விடும். அந்த நிமிடமே பார்வை இருளும்!

உலகம் முழுவதும் இப்படிப் பார்வை பாதித்த 98 பேரின் விவரங்களை 2015-ம் ஆண்டு கனடா நாட்டு டாக்டர்கள் திரட்டி வெளியிட்டார்கள். 2018 வரை மேலும் 48 பேர் சேர்ந்தார்கள். இதில் உடம்புக் கொழுப்பை எடுத்து ஊசியில் ஏற்றிக்கொண்டவர்களும் உண்டு. பொட்டு வைக்கும் இடத்திலும் மூக்கிலும் ஊசி போட்டவர்கள்தான் அதிகம். கண்ணடியும் தப்பவில்லை.

அறிகுறி என்ன?

ஊசி போடும் போதோ, போட்டவுடனோ தாங்க முடியாத வலி. தோல் வெள்ளைத் தாளாக வெளுத்து, பிறகு வலை பின்னியது போல் திட்டுத் திட்டாக நிறம் மாறுவது. கண் மங்குவது. இமை தொங்கிப் போவது. தலைவலி, வாந்தி. ஒரு பக்கம் கை கால் இழுப்பது.

இதில் எது தெரிந்தாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்கக் கூடாது. கண் நரம்புத் திரைக்கு ரத்தம் நின்றால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் மீட்க முடியாத அளவுக்குக் கெட்டு விடும். இந்த நேரத்தில் ஐஸ் வைக்காதீர்கள். குளிர்ச்சி பட்டால் குழாய் இன்னும் சுருங்கும்.

55 கி.மீ. தூரம்

கரிசல் சீமைப் பெண்கள் கணக்குப் போட வேண்டியது இங்கேதான்.

கோவில்பட்டியில் இருந்து நெல்லைக்கு 55 கி.மீ. மதுரைக்கு 100 கி.மீ. விளாத்திகுளம், புதூர் பக்கத்துக் கிராமம் என்றால் கோவில்பட்டி வந்து சேரவே நேரம் ஆகும். ஊசி போட்ட கையோடு பஸ் ஏறி, வழியில் கண் மங்கினால் என்ன கதி?

அதனால் வெளியூரில் ஊசி போட்டால் உடனே பஸ் ஏறாதீர்கள். சில மணி நேரம் அங்கேயே இருந்து, டாக்டர் திரும்பப் பார்த்த பிறகு கிளம்புங்கள். துணைக்கு ஆள் இல்லாமல் போகவே போகாதீர்கள்.

கரைக்கும் மருந்து உண்டு!

போட்ட ஜெல்லைக் கரைக்க ஒரு மருந்து இருக்கிறது. பெயர் "ஹையலூரானிடேஸ்". அதையும் ஊசியாகத்தான் போட வேண்டும். நீல நிறம், வீக்கம், கட்டி எல்லாவற்றுக்கும் இது கை கொடுக்கும். ரத்தக் குழாய் அடைத்தால் முதலில் எடுக்க வேண்டியதும் இதுதான். ஆனால் பார்வை முழுவதும் போன பிறகு, மருந்து போட்டும் திரும்பக் கிடைத்தவர்கள் குறைவு.

கண் டாக்டர்களுக்கு இது புது மருந்து அல்ல. புரை ஆபரேஷனில் மரத்துப் போகும் ஊசி நன்றாகப் பரவ இதைச் சேர்ப்பது பழைய வழக்கம். அந்தப் புரை ஆபரேஷனை ஏழைகளின் வீட்டு வாசலுக்குக் கொண்டு போன டாக்டர் வெங்கடசாமி யார்? நம் கரிசல் மண்ணின் அயன் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர்! முடக்குவாதத்தால் வளைந்த விரல்களோடு ஒரு லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன் செய்தவர். 1976-ம் ஆண்டு மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 1988-ல் நெல்லையிலும் ஆஸ்பத்திரி வந்தது.

ஒரு எச்சரிக்கை. தேனீ, குளவி கொட்டி உடம்பு தடித்து மூச்சு முட்டியவர்கள் அதை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். கரைக்கும் மருந்தும் அவர்களுக்கு ஒவ்வாமல் போகலாம். சிலிக்கான், கால்சியம், கொழுப்பு ஏற்றியிருந்தால் இந்த மருந்து கரைக்காது.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஊசி போடுகிறவர் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த டாக்டரா? பியூட்டி பார்லரில் போடுகிறார்களா? எழுந்து வந்து விடுங்கள். பதிவு செய்யாமல் டாக்டர் தொழில் பார்த்தால் 2019-ம் ஆண்டுச் சட்டப்படி 1 ஆண்டு வரை ஜெயில் அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

கரைக்கும் மருந்து இந்த அறையிலேயே இருக்கிறதா? "வாங்கிக்கலாம்மா" என்றால் போட வேண்டாம்.

மருந்துப் பெட்டியில் உள்ள பெயர், நம்பர் ஒட்டிய ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். பில் வாங்குங்கள். கோளாறு வந்தால் தினமும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி விட்டது. 2 ஆண்டுக்குள் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போடலாம். அங்கே பேசப் போவது அந்தப் பில்லும் ஸ்டிக்கரும்தான்.

முதலில் ரத்தத்தைப் பாருங்கள்

கடைசியாக ஒன்று. பில்லர் பள்ளத்தைத்தான் நிரப்பும். கருப்பை வெளுக்காது. கருப்புக்குக் காரணம் பல: பரம்பரை, வெயில், தூக்கம் இன்மை, அலர்ஜியால் கண்ணைக் கசக்குவது.

சோகை இருந்தால் முகம் வெளுத்து, கண்ணடிக் கருப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும். தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை என்று 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. இரும்புச் சத்து மாத்திரையும் இலவசம். அழகு ஊசிக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், அங்கே ஒரு நடை போய் வாருங்கள்.