உங்களுக்குத் தெரியுமா? முள் போன பிறகும் தொண்டை குத்தும்!

மதுரைக்காரர்களுக்கு அயிரை மீன் என்றால் முள்ளோடு மென்றுவிடலாம். கண்மாய்க் கெண்டையும் கட்லாவும் அப்படியல்ல. அவற்றின் சதைக்குள் கவட்டை போலப் பிளந்த மெல்லிய முட்கள் உண்டு. தொண்டையில் கீறிவிட்டு முள் வயிற்றுக்குள் போய்விட்டாலும், கீறல் ஆறும்வரை அது இன்னும் அங்கேயே இருப்பதுபோல உறுத்தும். சிறு கீறல் பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும்.

● சோற்று உருண்டை, வாழைப்பழம் வேண்டாம்: முள் சிக்கியிருந்தால் இன்னும் ஆழமாக இறங்கலாம். விரலை விட்டுத் தோண்டுவதும் ஆபத்து.

● கொப்பளிப்பு: ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, நாளுக்கு மூன்று, நான்கு முறை.

● சாப்பாடு: குழைந்த தயிர் சாதம், ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இட்லி. காரம், புளி, முறுக்கு, கொதிக்கும் டீ, புகை, மது வேண்டாம். ஜிகர்தண்டாவுக்குத் தடையில்லை!

● எக்ஸ்ரே மட்டும் போதாது: பல மீன் முட்கள் அதில் தெரியாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய்க் கருவியால் நேரில் பார்த்தே உறுதி செய்வார்.

● காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்: விழுங்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் சுருக்கென்ற குத்தல், எச்சில்கூட விழுங்க முடியாமை, ரத்தம், காய்ச்சல், கழுத்து வீக்கம், நெஞ்சு வலி. உடனே அரசு இராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், இரண்டு நாளில் வலி குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.