வளர்த்த அணியைக் கலைக்கும் வரி

2012-ல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதிச்சுற்றுவரை வந்த ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியில் கெவின் டுராண்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் என்று மூன்று இளைஞர்கள். ஒருவருக்கும் 24 வயது நிரம்பவில்லை. மூவரையும் டிராஃப்ட்டில், அதாவது புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுத்து வளர்த்ததும் அந்த நிர்வாகமே. அடுத்த சீசன் தொடங்கச் சில நாட்களே இருந்த நிலையில், அக்டோபர் 27 அன்று, ஹார்டனை ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் எதிர்பார்த்த தொகையைக் கொடுத்தால், சம்பள எல்லையை மீறும் அணிக்கு லீக் விதிக்கும் சொகுசு வரியைக் கட்ட வேண்டிவரும் என்பதே முக்கியக் காரணம். ஹூஸ்டனுக்காக முதல் ஆட்டத்தில் ஹார்டன் எடுத்தது 37 புள்ளிகள். இரண்டாவது ஆட்டத்தில் 45.

டுராண்ட் 2014-லும், வெஸ்ட்புரூக் 2017-லும், ஹார்டன் 2018-லும் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதை வாங்கினார்கள். மூவரும் சேர்ந்து ஆடி ஒரு கோப்பை வெல்லும் வாய்ப்பு மட்டும் அந்த ஊருக்குக் கிடைக்கவே இல்லை.

வரம்பு வந்த கதை

கூடைப்பந்தில் களத்தில் நிற்பது ஐந்தே பேர். ஒரு மகத்தான வீரர் ஆட்டத்தின் பெரும்பகுதி நேரம் களத்தில் இருக்க முடியும். அதனால் நல்ல வீரர்கள் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் மற்ற அணிகளுக்கு வழியில்லை. 1957 முதல் 1969 வரை பாஸ்டன் செல்டிக்ஸ் 11 முறை கோப்பையை வென்றது அப்படித்தான்.

1984-85 சீசனில் சம்பள உச்சவரம்பு வந்தது. ஓர் அணி மொத்தமாக 36 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் தரக்கூடாது. ஆனால் தன் வீரரைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம் என்று ஒரு விலக்கும் இருந்தது. பாஸ்டன் வீரர் லாரி பேர்ட் பெயரால் அழைக்கப்படும் அந்த விலக்கு எவ்வளவு தூரம் போனது தெரியுமா? 1997-98-ல் ஓர் அணிக்கான வரம்பு 2.69 கோடி டாலர். மைக்கேல் ஜோர்டன் ஒருவரின் சம்பளமே 3.31 கோடி!

இப்படி ஏறிய சம்பளங்களைக் கட்டுப்படுத்த உரிமையாளர்கள் கதவடைப்பில் இறங்கினார்கள். 82 ஆட்டங்கள் நடக்க வேண்டிய 1998-99 சீசன் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. அதன் முடிவில் தனிவீரர் சம்பளத்துக்கு உச்சவரம்பும், எல்லை மீறும் அணிக்குச் சொகுசு வரியும் வந்தன. முதலில் மீறிய ஒரு டாலருக்கு ஒரு டாலர் வரி. 2013-க்குப் பிறகு மீற மீற விகிதம் ஏறியது. 2021-22-ல் கோப்பை வென்ற கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கட்டிய வரி சுமார் 17 கோடி டாலர். வீரர்களுக்குக் கொடுத்த சம்பளத்துக்கு ஏறக்குறைய ஈடான தொகை.

பணக்காரரையும் தடுக்கும் கோடு

வரி கட்டத் தயங்காத உரிமையாளரை வரியால் மட்டும் தடுக்க முடியாது. அதனால் 2023 ஒப்பந்தத்தில் 'இரண்டாவது ஏப்ரன்' என்ற கோட்டைப் போட்டார்கள். 2025-26-ல் உச்சவரம்பு 15.46 கோடி டாலர், வரி எல்லை 18.79 கோடி, இந்தக் கோடு 20.78 கோடி. இதைத் தாண்டும் அணி இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டி ஒரு பெரிய வீரரை மாற்றிக்கொள்ள முடியாது. ஏழு ஆண்டுகள் கழித்து வரும் முதல் சுற்று டிராஃப்ட் உரிமையும் முடக்கப்படும்.

கோப்பை பரவலாகியிருப்பது உண்மை. 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு சாம்பியன்கள். மில்வாக்கி, டென்வர் போன்ற ஊர்களும் கொண்டாடின. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெரிய நகரத்தில் பிறந்தவனுக்கு மட்டும்தான் கோப்பை என்றால் மற்ற ஊர் ரசிகன் எதற்காக டிக்கெட் வாங்க வேண்டும்?

ஆனால் பாஸ்டனைப் பாருங்கள். 2024-ல் வென்ற அணி, அடுத்த கோடையிலேயே ஜூரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் அனுப்பிவிட்டது. செலவைக் கோட்டுக்குக் கீழே இறக்கியாக வேண்டிய கட்டாயம். 2025-ல் வென்ற ஓக்லஹோமாவும் தப்ப முடியாது. ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர், செட் ஹோம்கிரன், ஜேலன் வில்லியம்ஸ் மூவருக்கும் அந்தக் கோடையிலேயே பெரிய ஒப்பந்தங்கள் போட்டாயிற்று. ஹோம்கிரனும் வில்லியம்ஸும் டிராஃப்ட்டில் வந்தவர்கள். ஷே 20 வயதில் வந்து அங்கேயே நட்சத்திரமானவர்.

வெளியிலிருந்து நட்சத்திரங்களை வாங்கிக் குவிப்பதும், பத்தொன்பது வயதுப் பையனை எடுத்துத் தோல்விகளைப் பொறுத்து ஆளாக்குவதும் ஒன்றல்ல. வரி இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. திறமையாகத் தேர்ந்தெடுத்த சிறிய ஊருக்கு இது அநீதி.

திருத்தம் கடினமானதல்ல. தானே டிராஃப்ட்டில் எடுத்து, தொடர்ந்து தன்னிடமே வைத்திருக்கும் வீரரின் சம்பளத்தில் ஒரு பகுதியை வரிக் கணக்கிலும் ஏப்ரன் கணக்கிலும் சேர்க்காமல் விடலாம். வீரருக்கு முழுச் சம்பளம் போகும்; வாங்கிக் குவிப்பவருக்குத் தடையும் நீடிக்கும். இப்போதைய ஒப்பந்தம் 2029-30 வரை. அடுத்த பேச்சுவார்த்தையில் உரிமையாளர்களும் வீரர் சங்கமும் வருமானப் பங்கீட்டைப் பற்றி நிச்சயம் மல்லுக்கட்டுவார்கள். கூடவே இந்த ஒரு விதியையும் மேசையில் வைக்க வேண்டும். எல்லா ஊருக்கும் வெல்ல வாய்ப்புத் தருவது பாதிச் சமநிலைதான். வென்ற அணியைக் கலைக்காமல் காப்பாற்றும் வாய்ப்பும் அந்த ஊருக்கு வேண்டும்.