எடை ஏறினால் மட்டும் போதுமா? ஹைதியின் மலைச்சரிவில் ஒரு மருத்துவ முறை

ஆறு மாதம் கடந்த குழந்தையின் மேற்கையில் ஒரு வண்ண நாடாவைச் சுற்றிப் பார்க்கிறார்கள். சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நாடா சிவப்பில் நிற்கும். உயிருக்கே ஆபத்தான ஊட்டச்சத்துக் குறைவு என்று அதற்குப் பொருள். 125ஐ எட்டினால் பச்சை. உலகம் முழுக்க இதே நாடா, இதே அளவுதான். ஹைதியின் மத்தியப் பீடபூமியில் 1980களிலிருந்து இயங்கிவரும் ஜான்மி லசான்தே என்ற தொண்டு நிறுவனம் வேறுபடுவது, சிவப்பைப் பார்த்த பிறகு அது கேட்கும் கேள்விகளில். கூரை ஒழுகுகிறதா? தரை மண்ணா, சிமென்டா? பயிரிட நிலம் உண்டா? மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா?

மருந்து எழுதவேண்டிய டாக்டருக்குக் கூரையைப் பற்றி என்ன கவலை? இதற்குப் பதில் தேடினால் ஓர் அணைக்கட்டில் போய் முட்டுகிறோம்.

அணை, பன்றி, அரிசி

ஆர்ட்டிபோனிட் ஆற்றின் குறுக்கே பெலிக்ர் அணை 1956இல் அமெரிக்கக் கடனுதவியோடு கட்டி முடிக்கப்பட்டது. பாசனம் கீழேயிருக்கும் சமவெளிக்கு; பின்னாளில் வந்த மின்சாரம் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு. பள்ளத்தாக்கின் வண்டல் மண்ணில் விவசாயம் செய்துவந்த குடியானவர்களுக்குக் கிடைத்தது மேட்டு நிலம் மட்டுமே. தண்ணீர் ஏற ஏற அவர்கள் சரிவுகளில் போய் ஒண்டினார்கள். அப்படி முளைத்த குடியிருப்புதான் கான்ஜ். மரம் வெட்டப்பட்ட அந்தச் சரிவுகளில் ஒவ்வொரு மழையும் மேல்மண்ணைக் கொஞ்சம் அரித்துக்கொண்டு போகும்.

கையில் எஞ்சியிருந்த சேமிப்பு பன்றிதான். ஹைதியின் கறுப்பு நாட்டுப்பன்றி எதைப் போட்டாலும் தின்று வளரும். பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் ஒன்றை விற்றுக் கட்டணம் கட்டுவார்கள். 1978இல் பக்கத்து டொமினிக்கன் குடியரசில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவி, ஹைதிக்கும் வந்தது. அது தங்கள் பண்ணைகளையும் தொற்றிவிடும் என்று அமெரிக்கா அஞ்சியது. விளைவு, 1980களின் தொடக்கத்தில் நாடு முழுக்கப் பன்றிகள் கொன்று ஒழிக்கப்பட்டன. ஈடாக அயோவாவிலிருந்து வந்த பன்றிகளுக்குச் சிமென்டுத் தரையும் விலைகொடுத்து வாங்கும் தீவனமும் தேவைப்பட்டன. மனிதர்களே மண்தரையில் படுக்கிற ஊரில் அவை எத்தனை நாள் தாங்கும்?

அடுத்த அடி அரிசிக்கு. 1995இல் இறக்குமதி வரி 3 சதவீதமாகச் சரிக்கப்பட்டது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி சந்தையில் குவிந்தது. உள்ளூர் நெல் விவசாயி நொடித்தார். அந்தக் கொள்கை அர்கன்சாஸ் விவசாயிகளுக்குத்தான் உதவியது, ஹைதிக்குக் கேடாக முடிந்தது என்று பில் கிளின்டனே 2010இல் அமெரிக்க செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். 15 ஆண்டுகள் கழித்து வந்த ஒப்புதல்.

பணமும் மருந்துதான்

கான்ஜில் முதலில் வேலையைத் தொடங்கியவர் ஃபிரிட்ஸ் லஃபோன்தான் என்ற ஹைதி நாட்டுப் பாதிரியார். அவர் பள்ளிக்கூடம் கட்டியிருந்தார். 1983இல் ஹைதிக்கு வந்த பால் ஃபார்மர் என்ற அமெரிக்க இளைஞரும், அங்கே அவருக்கு அறிமுகமான ஒஃபீலியா டால் என்ற ஆங்கிலேயப் பெண்ணும் பாதிரியாரோடு சேர்ந்துகொண்டனர். 1985இல் சிறு மருத்துவமனை ஒன்று எழுந்தது. அதற்கு நிதி திரட்ட 1987இல் பாஸ்டனில் பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் என்ற அமைப்பு பிறந்தது. ஜான்மி லசான்தே அதன் ஹைதிக் கிளை. பெரும்பாலான ஊழியர்கள் ஹைதி நாட்டவர்களே.

ஃபார்மரைப் பற்றி வந்த புகழுரைகளுக்குக் குறைவில்லை. எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது, 1980களின் இறுதியில் அவர் குழு காசநோயாளிகளிடம் செய்த ஓர் ஒப்பீடு. இரு பகுதிகளிலும் மருந்து இலவசம். ஒரு பகுதி நோயாளிகளுக்கு மட்டும் கூடுதலாக ஊர்ச் சுகாதாரப் பணியாளரின் தினசரி வருகை, சத்துணவு, மாதம் 30 டாலர். கூடுதல் உதவி பெற்ற எல்லோரும் குணமானார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் குணமானவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர். மாத்திரையை விழுங்கச் சோறு வேண்டும், ஆஸ்பத்திரிக்கு வரப் பேருந்துக் காசு வேண்டும், வந்த நாளில் கூலி போகும். நோயாளிக்குப் 'பொறுப்பில்லை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து வீடுதேடிப் போகும் பணியாளர்களே இந்த அமைப்பின் முதுகெலும்பு. அவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள், சம்பளம் உண்டு. ஏழைகளின் உழைப்பைத் 'தொண்டு' என்ற பெயரில் இலவசமாக வாங்கக்கூடாது என்பதில் நிறுவனம் பிடிவாதமாக இருந்தது. அந்தச் சம்பளமே பல வீடுகளில் அடுப்பெரியக் காரணம்.

பிள்ளைகளின் ஊட்டச்சத்துக் குறைவிலும் இதே கணக்குதான். சிவப்பில் விழுந்த குழந்தைக்குத் தரப்படுவது நூரிமான்பா என்ற வேர்க்கடலைப் பசை. வறுத்து அரைத்த கடலையோடு பால்மாவு, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாதுக்கள் சேர்ப்பார்கள். சமைக்க வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம். சுத்தமான தண்ணீருக்கு வழியில்லாத வீட்டில் அதுதான் பெரிய லாபம். பசியெடுத்துச் சாப்பிடும் குழந்தையை வீட்டிலேயே வைத்துச் சில வாரங்களில் தேற்றிவிடலாம். வீக்கம், காய்ச்சல் என்று சிக்கல் உள்ளவர்களுக்கு மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டில்.

இத்தகைய பசை பிரான்ஸிலிருந்து பொட்டலமாகவும் கிடைக்கும். அதை விட்டுவிட்டு உள்ளூரில் அரைப்பானேன்? பீடபூமி விவசாயியிடம் கடலை வாங்கினால், பசை சாப்பிடும் குழந்தைகளின் ஊருக்கே அந்தக் காசு திரும்பும். ஆனால் சுலபமில்லை. சரியாகக் காயாத கடலையில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். அப்படிப்பட்ட மூட்டைகளைக் கழித்துத்தான் ஆகவேண்டும். ஆகவே உலர்த்துவதையும் சேமிப்பதையும் விவசாயிகளுக்குக் கற்றுத் தர வேண்டியிருந்தது. இந்த நிலையில் 2016இல் அமெரிக்க அரசு, தன் கிடங்கில் மிஞ்சிய 500 டன் கடலையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஹைதிக்கு அனுப்பப்போவதாக அறிவித்தது. அரிசியை மறக்காத விவசாயச் சங்கங்கள் கொதித்ததில் வியப்பென்ன?

பசை தீர்ந்த பிறகு? நிறுவனத்தின் விவசாயப் பிரிவு அந்தக் குடும்பத்துக்கு விதை, மண்வெட்டி, மரக்கன்று, ஓர் ஆடு தருகிறது. அது இல்லாவிட்டால் தேறிப்போன அதே குழந்தை அடுத்த பஞ்ச மாதத்தில் மறுபடியும் சிவப்பு நாடாவோடு வந்து நிற்கும்.

பெற்றோர் உள்ள 'அநாதைகள்'

குடும்பத்தை விட்டுவிட்டுக் குழந்தைக்கு மட்டும் உதவினால் என்ன ஆகும் என்பதையும் ஹைதியிலேயே பார்க்கலாம். அங்கே அநாதை இல்லங்களில் சுமார் 30,000 பிள்ளைகள் இருப்பதாக மதிப்பீடு. அவர்களில் 80 சதவீதம் பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார். பெரும்பாலான பள்ளிகள் தனியாருடையவை. கட்டணம் கட்ட முடியாத தாய், 'சோறும் படிப்பும் கிடைக்கும்' என்ற பேச்சை நம்பிப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறார். நன்கொடை இல்லத்துக்குத்தான் வருகிறது, தாய்க்கு வருவதில்லை. 2010 ஜனவரி நிலநடுக்கம் நிகழ்ந்த சில வாரங்களுக்குள், 33 பிள்ளைகளை எல்லை தாண்டி அழைத்துப்போக முயன்ற 10 அமெரிக்கர்கள் கைதானார்கள். விசாரித்தபோது அந்தப் பிள்ளைகள் எல்லோருக்குமே பெற்றோரில் ஒருவராவது இருந்தது தெரிந்தது. ஓர் இல்லத்தில் ஒரு பிள்ளையை வைத்துப் பராமரிக்கும் பணத்தைத் தாயின் கையில் கொடுத்தால் பிள்ளை வீட்டை விட்டே போகாது. இதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை. ஆனால் கட்டடத்துக்கு வரும் நன்கொடை தாயின் பணப்பைக்கு வராது. படம் எடுத்து அனுப்பக் கட்டடம்தான் வசதி.

2025க்குப் பிறகு

நிலநடுக்கத்தை அடுத்து, மிர்பலே நகரில் 300 படுக்கைகளோடு சூரிய மின்சக்தியில் இயங்கும் போதனா மருத்துவமனை ஒன்றை ஜான்மி லசான்தே சுகாதார அமைச்சகத்தோடு சேர்ந்து கட்டி 2013இல் திறந்தது. ஃபார்மர் 2022இல் ருவாண்டாவில் காலமானார். 2025 மார்ச் இறுதியில் ஆயுதக் கும்பல்கள் மிர்பலேக்குள் நுழைந்து சிறையை உடைத்தன. நோயாளிகளை வெளியேற்றி மருத்துவமனையை மூட நேர்ந்தது. ஊழியர்களில் பலர் தாங்களே அகதிகளானார்கள். அந்த ஆண்டின் நடுவில் நாடெங்கும் இடம்பெயர்ந்தோர் 13 லட்சம். அதில் பாதிக்கு மேல் பிள்ளைகள்.

நடமாடும் மருத்துவக் குழுக்கள் இப்போது முகாம்களுக்குப் போகின்றன. நாடாவும் பசையும் அங்கேயும் போய்ச் சேரும். ஆனால் இந்த முறையின் மறுபாதி, குடும்பம் ஓரிடத்தில் நிலைத்திருப்பதை நம்பி வகுக்கப்பட்டது. பள்ளி வகுப்பறைத் தரையில் படுத்திருக்கும் குடும்பத்துக்கு விதை கொடுத்தால் எங்கே விதைக்கும், ஆடு கொடுத்தால் எங்கே கட்டும் என்பதற்கு 40 ஆண்டு அனுபவத்திலும் விடை இல்லை.