புதிய சிறு கார் வாங்கும் உழவர் கவனத்திற்கு

இலஞ்சி, தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் சிறு உழவர் வீடுகளிலும் இன்று கார் நிற்பதைக் காண்கிறோம். மருத்துவமனைக்குச் செல்லவும், பிள்ளைகளைக் கல்லூரியில் விடவும், மாங்காய்க் கூடையைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் அது உதவுகிறது. பெரும்பாலோர் வாங்குவது விலை குறைந்த அடிப்படை வகைக் காரே. அதில் மேட், சீட் கவர், பாட்டுப்பெட்டி போன்றவை இருப்பதில்லை. இவற்றைச் சேர்க்கும்போதுதான் பிசான நெல் விற்ற பணம் கையை விட்டு வீணே போகிறது. ஆகவே எதைச் சேர்க்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும், விற்பனையாளரிடம் எவ்வாறு பேச வேண்டும் என்பதை அறிந்து கொள்வது நல்லது.

விலைப்பட்டியலை எழுதி வாங்குக

முன்பணம் கட்டுமுன் காரின் விலை, வாழ்நாள் வரியும் பதிவுக் கட்டணமும், காப்பீடு, கூடுதல் பொருட்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிய பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் ஏற்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்கும் 1200 சி.சி. திறனுக்கும் மேற்படாத பெட்ரோல் கார்களுக்குச் சரக்கு சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பட்டியலில் அந்த வரி விகிதம் உள்ளதா என்று பாருங்கள்.

யூரியா வாங்கச் சென்றால் நுண்ணூட்டப் பொட்டலத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லும் கடைக்காரரை நீங்கள் அறிவீர்கள். கார் விற்பனையிலும் இதே பழக்கம் உண்டு. "இந்தப் பொருட்களை எடுத்தால்தான் வண்டி உடனே கிடைக்கும்" என்பார்கள். ஒன்றை விற்க மற்றொன்றை வாங்கியே தீர வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தடைப்படுத்தும் வாணிக முறையாகும். காப்பீட்டையும் விற்பனையாளரிடமே எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. வெளியில் இரண்டு மூன்று நிறுவனங்களில் விலை கேட்டு ஒப்பிடுங்கள். புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்கு எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. சொந்தச் சேதத்திற்கான காப்பீட்டை ஓராண்டுக்கு மட்டும் எடுக்கலாம்.

கூடுதல் பொருட்களின் விலையைக் கடனில் சேர்ப்பதும் நட்டமே. எடுத்துக்காட்டாக, 40,000 ரூபாய்ப் பொருட்களை 10 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனில் சேர்த்தால், முடிவில் நீங்கள் கட்டுவது ஏறத்தாழ 51,000 ரூபாய். அவசியமானதை மட்டும் கைப்பணத்தில் வாங்குங்கள். மற்றவற்றை அடுத்த அறுவடைக்குப் பின் பார்த்துக் கொள்ளலாம்.

சேர்க்கத் தக்கவை

ஆனி, ஆடிச் சாரலில் வரப்போரச் சேறு சக்கரத்தில் ஏறும். எனவே நான்கு சக்கரங்களுக்கும் மட் பிளாப் போடுவது பயனுள்ளது. கழுவி உலர்த்தக்கூடிய ரப்பர் மேட் போதும். ஓட்டுநர் காலடியில் ஒரு மேட்டின் மேல் மற்றொன்றை விரிக்கக் கூடாது. அது நகர்ந்து பிரேக் மிதியின் அடியில் சிக்கினால் வண்டி நிற்காது. துருப்பிடிக்காமல் அடியில் மருந்து அடிக்கச் சொன்னால், தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டுள்ளதா என்று முதலில் கேளுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

முன்புறம் பூட்டும் இரும்புக் கம்பி பாதுகாப்பு என்று பலர் எண்ணுகின்றனர். மோதும்போது காரின் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக் கொள்ளுமாறு அமைக்கப்பட்டுள்ளது. கம்பியோ அந்த அதிர்ச்சியை நேராகச் சட்டத்துக்குக் கடத்துகிறது. குறுக்கே வரும் ஆளுக்கும் அதனால் பேராபத்து. இக்கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணானவை என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு அறிவித்தது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள கார்களில், அதற்கென வெட்டு விட்டுத் தைக்காத சீட் கவர் பையை விரிய விடாது. முன்பலகையில் காற்றுப்பை மூடியின் மேல் சாமி சிலையை ஒட்டாதீர்கள். பை வெடித்து விரியும்போது சிலை முகத்தில் வந்து அடிக்கும். ஓர் ஓரமாக வைத்துக் கொள்ளலாம்.

முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது விதி. புளியரை வழியே கேரளம் செல்வோர் கறுப்புப் பிலிம் ஒட்டி அபராதம் கட்ட வேண்டாம்.

முகப்பு விளக்கில் 60 வாட் பல்புக்குப் பதிலாக 100 வாட் போட்டால் என்ன ஆகும்? 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு இழுத்த வயரில் 7.5 குதிரைத்திறன் மோட்டாரை ஓட்டுவது போன்றதே இது. வயர் சூடேறி உருகும், தீப்பிடிக்கவும் கூடும். வயரை அறுத்து ஒட்டும் எந்த வேலையும் உத்தரவாதத்தைப் பாதிக்கும். காரின் இணைப்பிலேயே செருகும் பொருளாகக் கேளுங்கள். பாட்டுப்பெட்டி போன்ற விலை உயர்ந்த பொருளைப் பின்னர் பூட்டினால் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவித்துப் பாலிசியில் சேர்க்க வேண்டும். இல்லையேல் திருடு போனால் இழப்பீடு கிடைக்காது.

வண்டியைப் பெறும் நாளில்

விதை மூட்டையின் சான்று அட்டையைப் பார்ப்பது போல, காரின் தயாரிப்பு மாதம், ஆண்டு, சேசிஸ் எண், எஞ்சின் எண் ஆகியவற்றைப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே முழுத் தொகையையும் செலுத்துங்கள். பணத்தை நிறுவனத்தின் பெயரில் வங்கி வழியாகச் செலுத்தி ரசீது பெறுங்கள். "இலவசம்" என்று வாயால் சொன்னதை முன்பதிவுத் தாளில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் வண்டியைச் சுற்றிப் பாருங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டாவது சாவி இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். 2019 ஏப்ரல் முதல் உயர் பாதுகாப்பு எண் பலகையை விற்பனையாளரே பூட்டித் தர வேண்டும்.

குறை தீரவில்லையெனில் முதலில் எழுத்து மூலம் முறையிட்டு நகல் வைத்துக் கொள்ளுங்கள். பின்னர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். 50 இலட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கான வழக்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்கும். குறை நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கே உங்களுக்குத் துணை நிற்பவை பட்டியலும் ரசீதுமே. ஆகவே அவற்றைப் பட்டா, சிட்டா வைத்திருக்கும் பெட்டியிலேயே பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள்.