புகார் கொடுத்த அன்று சாயங்காலம்

"மிஸ், இவன் என்னை அடிக்கிறான் மிஸ்!" ஒன்றாம் வகுப்பில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கும் இந்தக் குரல், ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அடங்கிவிடுகிறது. அடி நிற்பதில்லை, சொல்வதுதான் நிற்கிறது. 'போட்டுக்கொடுக்கிறவன்' என்ற பட்டம் எவ்வளவு விலை பிடிக்கும் என்பது அதற்குள் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

நம் பேச்சில் இந்தக் கொடுமைக்கு இருக்கும் சொற்களையும் கொஞ்சம் பாருங்கள். கலாய்ப்பது, ஓட்டுவது, வம்புக்கிழுப்பது எல்லாவற்றிலும் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலங்கைப் பத்திரிகைகள் பல்கலைக்கழக ராகிங்கைப் 'பகடிவதை' என்று எழுதுகின்றன. அதில் பகடியோடு வதையும் இருப்பதால் யாரும் சிரித்துக் கடந்துவிட முடியாது. இங்கே ஒரு பையன் அழுதுகொண்டு போய் நின்றால், 'சும்மா விளையாட்டுக்குச் செய்திருப்பான்' என்ற பதில் சொல்லிலேயே தயாராக இருக்கிறது.

விளையாட்டு எங்கே போய் முடியும் என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பார்த்தோம். வள்ளியூரில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சாதி மாணவன் ஒருவன், உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். பள்ளியிலிருந்து கூப்பிட்டு விசாரித்தார்கள். அவனும் அவன் அம்மாவும் நடந்ததைச் சொன்னார்கள், புகார் எழுத்தில் பதிவானது. அன்று இரவே அரிவாளோடு வீட்டுக்குள் புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு.

அந்தப் பையன் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை எல்லாம் சரியாகவே செய்தான். பயப்படாமல் சொன்னான், பெரியவர்களிடம் சொன்னான், எழுதியும் கொடுத்தான். புகார் வாங்கியவர்களின் பக்கம்தான் அடுத்த சில மணி நேரத்துக்கு ஒரு திட்டமும் இல்லை. யார் பெயரைச் சொன்னான் என்பது எவ்வளவு நேரத்தில் தொல்லை கொடுத்தவர்கள் காதுக்குப் போகும்? வீடு எங்கே இருக்கிறது? இன்று ராத்திரி யார் துணை? புகார் கொடுத்த நாளின் சாயங்காலம்தான் ஒரு பிள்ளைக்கு மிக ஆபத்தான நேரம் என்பதை நாம் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

புகார் சொல்ல வழியே இல்லை என்று கூற முடியாது. 2021-இல் சென்னையின் தனியார் பள்ளி ஒன்றில் தொடங்கி, ஆசிரியர்கள் மீதான பாலியல் புகார்கள் வரிசையாக வெளியே வந்தன. அதன்பின் பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு வேண்டும் என்று தமிழக அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் பாடப் புத்தகங்களில் இடம்பெற்றன. அரசுப் பள்ளிச் சுவர்களில் 'மாணவர் மனசு' என்ற பெட்டி வந்தது. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைமையாசிரியர் அறைக்கு எதிரே, வராந்தாவில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் பெட்டி தொங்கினால் அதில் யார் சீட்டுப் போடுவார்கள்? கழிப்பறைக்குப் போகும் வழியிலோ நூலக மூலையிலோ இருந்தால் பயன் உண்டு. சாவி யாரிடம், வாரத்தில் எந்த நாள் திறக்கிறார்கள் என்று கேட்கப் பெற்றோருக்கு ஓர் இடமும் இருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான்.

1098 இரவு பகல் எந்நேரமும் இயங்கும் இலவச எண். பிள்ளையே பேசலாம், பக்கத்து வீட்டுக்காரரும் பேசலாம். அங்கே போகும் தகவல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு வரும். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே முடக்கிவிடுவார்கள் என்று தோன்றினால் இந்த வழிதான் நல்லது. உடனடி ஆபத்து என்றால் 112.

எழுத்துப் புகாருக்கு வருவோம். 'என் பையனை ரொம்பத் தொந்தரவு செய்கிறார்கள்' என்று எழுதினால் ரொம்ப நல்ல பதில் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. எந்தத் தேதி, எந்த இடம், என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள், யார் பார்த்தார்கள் என்று எழுத வேண்டும். கெட்ட வார்த்தையோ சாதிப் பெயரோ சொல்லித் திட்டியிருந்தால் நாசூக்குப் பார்க்காமல் அதையே எழுத வேண்டும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்த கேலியை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பள்ளி அசையவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் தனியாக உண்டு, இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. காவல் நிலையத்தில் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பள்ளிக்குள் பிள்ளைக்குப் பிள்ளை செய்யும் கொடுமையைப் பேசும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு 1996-இல் கொல்லப்பட்டதை அடுத்து 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதைக் கல்லூரிச் சட்டமாகவே எல்லோரும் பார்க்கிறார்கள். ஆசிரியர் அடித்தாலோ மனம் நோகடித்தாலோ கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இருக்கிறது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும்.

பாலியல் சீண்டல் என்றால் கதையே வேறு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் எவரானாலும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. ஆகவே 'பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நமக்குள்ளேயே பேசி முடிப்போம்' என்று ஒரு தாளாளர் சொல்வது அறிவுரை ஆகாது, குற்றமாகலாம். பிள்ளையின் வாக்குமூலத்தை வாங்க வரும் போலீஸார் சீருடையில் வரக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

தனியார் பள்ளிகளில் இன்னொரு வழக்கம் உண்டு. புகார் கொடுத்த வீட்டாரிடமே, 'ஒத்துவரலைன்னா டிசி வாங்கிக்கங்க' என்பார்கள். அடித்தவன் அதே பெஞ்சில் இருப்பான், அடி வாங்கியவன் பள்ளி மாறுவான். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. மிரட்டல் வந்தால் அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு, நெற்றிப் பொட்டு, பள்ளிப் பெயரில் உள்ள சாதி ஆகியவற்றைப் பற்றி அது சொன்னவைதான் தொலைக்காட்சி விவாதங்களில் அடிபட்டன. அதிகம் பேசப்படாத பரிந்துரை ஒன்றும் அதில் உண்டு. ஐந்நூறு மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் ஒரு நல அலுவலர் வேண்டும் என்பது அது. தலைமையாசிரியருக்குப் பள்ளியின் பெயரைக் காக்கும் கவலையும் இருக்கும், பிள்ளையைக் காக்கும் பொறுப்பும் இருக்கும். இரண்டும் மோதும்போது எது தோற்கும் என்று சொல்லத் தேவையில்லை. பெயரைப் பற்றிக் கவலைப்படாத ஒருவர் வளாகத்துக்குள் இருக்க வேண்டும்.

அப்படி ஒருவர் வரும்வரை வகுப்பாசிரியர் செய்யக்கூடியவை உண்டு. பெயர் சொன்ன பிள்ளையையும் சொல்லப்பட்டவனையும் எதிரெதிரே நிறுத்தி 'கை கொடுத்துக்கங்க' என்னாமல் தனித்தனியே விசாரிக்கலாம். அன்றைக்கு அவன் எந்தப் பேருந்தில், யாரோடு போகிறான் என்று பார்க்கலாம். இரு வீட்டுக்கும் அன்றே பேசலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியது வேறு. திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி. பேனா, பாக்ஸ் அடிக்கடி தொலைவது. பள்ளியில் கழிப்பறைக்கே போகாமல் சாயங்காலம் செருப்பைக் கழற்றும் முன்பே குளியலறைக்கு ஓடுவது. கழிப்பறைதான் ஆசிரியர் கண் படாத இடம் என்பது மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'யாராவது தொல்லை பண்றாங்களா?' என்று நேரே கேட்டால் 'இல்லப்பா' என்றுதான் பதில் வரும். புகார் கொடுத்து ஒரு வாரம் கழித்துக்கூட அதே 'இல்லப்பா'தான். சாப்பாட்டு டப்பாவைக் கழுவும்போது, 'இன்னைக்கு யார்கூட உட்கார்ந்து சாப்பிட்டே?' என்று கேட்டுப் பாருங்கள்.